அரைப்பேர் வாசிப்பு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பன்னிரண்டு தூண்கள். அவற்றில் ஐந்தில் கரிக்கோடுகள் இருந்தன. கோடு போட்டவர்கள் பிள்ளைகள். அந்தக் கோடுகளைத் தினமும் எண்ணிப் பார்த்தவன் நான். எண்ணுவது எனக்கு அப்போதே இருந்த வியாதி. இப்போது மாத்திரைகளை எண்ணுகிறேன், அப்போது பிள்ளைகளை எண்ணினேன். வேறு வித்தியாசம் இல்லை.

இலங்கை மலைநாட்டில், அப்புத்தளையிலிருந்து ஹல்துமுல்லைக்கு இறங்கும் சரிவில் இருந்தது அந்தத் தோட்டம். ஐம்பதுகளின் நடுப்பகுதி. பதுளையில் எஸ்.எஸ்.சி. தேறிய கையோடு உதவி ஆசிரியராகப் போய்ச் சேர்ந்தேன். பள்ளிக்கூடம் என்பது ஒரே ஒரு நீள அறை. அதற்குள் ஐந்து வகுப்புகள், எழுபத்தொரு பிள்ளைகள், இரண்டு கரும்பலகைகள். ஒன்று தேய்ந்து தேய்ந்து வெள்ளைப் பலகையாகிவிட்டிருந்தது. அதில் எழுதினால் எனக்கே தெரியாது.

தலைமை ஆசிரியர் யாழ்ப்பாணத்தவர். நல்ல மனிதர். அவர் பாடப் புத்தகத்திலிருந்து ஒரு வரி சொல்வார், பிள்ளைகள் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள். கூரைத் தகரம் அதிரும். பக்கம் திருப்ப வேண்டிய இடம் வந்ததும் எல்லாக் கைகளும் ஒன்றாகத் திருப்பும். கேட்கக் கேட்க அருமையாக இருக்கும். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். ஒருநாள் மூன்றாம் வகுப்புப் பாடத்தின் நடுவிலிருந்து ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதி, வாசிக்கச் சொன்னேன். பத்தொன்பது பேரில் நால்வர் வாசித்தார்கள். மற்றப் பதினைந்து பேரும் பலகையைப் பார்த்தபடியே பாடத்தின் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்கள்.

இதைத் தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். "எல்லாம் வாசிக்குதுகள் தானே, தம்பி. நீர் என்னத்துக்குத் தேவையில்லாமல் யோசிக்கிறீர்?" என்றார்.

யோசிக்காமல் இருக்க எனக்குத் தெரியாது. அந்த வாரமே யோசிக்க வேறொரு காரணமும் வந்தது.

தேயிலைத் தொழிற்சாலையில் இலை உருட்டும் இயந்திரத்தில் வேலை செய்த ஒருவர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். அவருடைய மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். பன்னிரண்டு வயது நடந்தது. இரண்டு தம்பிகளைத் தூக்கி வளர்த்துவிட்டுத் தாமதமாகப் பள்ளிக்கு வந்தவள். சேர்ந்து சொல்லும்போது எல்லாக் குரலுக்கும் மேலே கேட்பது அவள் குரல்தான். நடுவரியை வாசிக்காத பதினைந்து பேரில் அவளும் ஒருத்தி.

"கோவிச்சுக்காதீங்க வாத்தியாரய்யா," என்றார் தகப்பனார். "இவளுக்கு மூத்தவன் அஞ்சாங் கிளாசு வரைக்கும் போனான். பதுளைக் கடை வீதியில ஒரு போர்டைக் காட்டி, இத வாசிடான்னேன். நின்ன நெலயில மொதப் பாடத்த ஒப்பிச்சான். கடைக்காரரு வெளிய வந்து பாத்துட்டு, பிச்ச கேக்குறான்னு ரெண்டு சதம் குடுத்தாரு."

நான் சிரிக்கக் கூடாதென்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. பொங்கல் வரைக்கும் பார்ப்பதாகச் சொன்னார். பொங்கலுக்கு முன்னால் அவரே ஒரு தாள் கொண்டுவந்து கொடுப்பாராம். பாடப் புத்தகத்தில் இல்லாத தாள். அதை வாசித்தால் மகள் படிக்கலாம். வாசிக்காவிட்டால் தோட்டத்தில் பேர் பதிந்துவிடுவார். பேர் பதிந்துவிட்டால் மறுநாள் விடியக் காலையில் பெரட்டுக்களத்தில், ஆள் எண்ணி வேலை பிரிக்கும் இடத்தில், கூடையோடு நிற்க வேண்டும். அப்படிப் போன பிள்ளை எதுவும் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை.

மறுநாள் தாய் வந்தார். கொழுந்து எடுப்பவர். கூடையை முதுகிலிருந்து இறக்காமலே நின்று பேசினார்.

"இவளோட கெட்டித்தனமெல்லாம் வாயில இருக்குங்க சார். அத கொஞ்சம் கண்ணுக்கு எறக்கிவிடுங்க. எங்க லயத்துல வரிசையா பன்னெண்டு காம்பரா, பன்னெண்டு குடும்பம். வாசிக்கத் தெரிஞ்ச பொம்பள ஒருத்தி கெடையாது."

கண்ணுக்கு இறக்குவது எப்படி என்று மூன்று இரவு யோசித்தேன். எழுபத்தொரு பேருக்கு நடுவில் முடியாது. கணக்கப்பிள்ளையிடம் போய், சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு மடுவத்தைத் தரும்படி கேட்டேன். தகரக் கூரை, சிமெந்துத் தரை, சுவர் கிடையாது, நடுவில் தொங்கும் தராசு. "தராசுல மட்டும் புள்ளைங்கள தொங்க விடாதீங்க," என்று சொல்லிவிட்டு மடுவத்தைக் கொடுத்தார்.

ஐந்தாம் வகுப்பில் உண்மையாகவே வாசிக்கக்கூடியவர்கள் ஐந்து பேர். ஆளுக்கு நான்கு சின்னப் பிள்ளைகளைக் கொடுத்து, ஆளுக்கொரு தூணடியில் உட்கார வைத்தேன். பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், நான் சுற்றிவர வேண்டும். இதுதான் திட்டம். இரண்டாவது நாளே மழையில் நனைந்து எனக்குக் காய்ச்சல். படுத்திருந்தபடி, தராசில் இந்நேரம் யார் தொங்குகிறார்களோ என்று நினைத்துக் கவலைப்பட்டேன்.

எழுந்து போய்ப் பார்த்தபோது யாரும் தொங்கவில்லை. மடுவம் ஒரு சின்னத் தோட்டமாக மாறியிருந்தது. ஐந்து பெரிய பிள்ளைகளும் ஐந்து கங்காணிகள். கையில் ஆளுக்கொரு குச்சி. சின்னப் பிள்ளைகள் வரிசையாக நின்று பெரட்டுக் கொடுத்தார்கள். இரண்டு பக்கம் வாசித்தால் ஒரு பேர், அதாவது ஒரு முழுநாள் வேலை. தூணில் நீளக் கோடு. அதற்குக் குறைந்தால் அரைப்பேர், குட்டைக் கோடு. பெரியவர்களுக்குத் தோட்டத்தில் அப்படித்தான் கணக்கு வைத்தார்கள். பிள்ளைகளுக்கு வேறு முறை தெரியாது. அடுப்புக்கரி வீட்டிலிருந்து வந்திருந்தது.

ஒரு தூணடியில் வழக்கு நடந்துகொண்டிருந்தது.

"ஒனக்கு இன்னைக்கு அரைப்பேருதான்," என்றாள் கங்காணிச் சிறுமி.

"ஏன்? ரெண்டு பக்கம் எடுத்தேன்ல?" என்றான் அவளிடம் படித்த சின்னவன்.

"எடுத்த. பாதி முத்துன எல. பாக்காம அள்ளிப் போட்டிருக்க. திருப்பி எடு."

பார்க்காமல் ஊகித்துச் சொன்ன சொற்களைத்தான் அவள் முற்றின இலை என்றாள். எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் இதை இவ்வளவு தெளிவாக எனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது. நான் ஒன்றையும் மாற்றவில்லை. கோடுகளை எண்ணுவதோடு நிறுத்திக்கொண்டேன்.

எண்ணிக்கையில் எப்போதும் முன்னால் நின்றது இலை உருட்டுபவரின் மகளுடைய கணக்கு. கார்த்திகை முடிவதற்குள் அவள் பேரில் முப்பத்தெட்டு நீளக் கோடுகள். ஒரு குட்டைக் கோடுகூட இல்லை. தாயை வழியில் கண்டபோது கவலை வேண்டாம் என்று சொன்னேன். அந்த அம்மாள் மறுநாள் ஒரு தூக்குப் பாத்திரத்தில் பால் கொடுத்தனுப்பினார்.

பாலைக் குடித்துவிட்டு, சும்மா சந்தோஷத்துக்காக, அவளைக் கூப்பிட்டுப் புத்தகத்தின் நடுப்பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். பக்கத்தைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், முதல் பாடத்தை ஆரம்பித்தாள்.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. அவளுடைய கங்காணி, தோட்டத்துச் சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவரின் மகன். ஐந்து பேரில் நன்றாக வாசிப்பவன், நன்றாகச் சாப்பிடுபவனும் அவன்தான். அவளுடைய லயத்துக்குப் பின்னால் ஒரு கொய்யா மரம் இருந்தது. தினம் ஒரு கொய்யாப்பழம் கைமாறும், தூணில் நீளக் கோடு ஏறும். முப்பத்தெட்டுக் கோடு, முப்பத்தெட்டுக் கொய்யா.

"இது என்னடா நியாயம்?" என்று கேட்டேன்.

"கங்காணின்னா கவனிக்கணும்ல சார்," என்றான். அவன் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. கங்காணி முறையைக் கொண்டுவந்த பிள்ளைகள், அதன் ஒரு பகுதியை மட்டும் எப்படி விட்டுவிடுவார்கள்?

பொங்கலுக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. அவனிடமிருந்த மற்ற மூவரையும் வேறு தூண்களுக்கு மாற்றினேன். அவனும் அவளும் மட்டும் ஒரு தூண். அவள் பிழையில்லாமல் வாசிக்கும் நாளில்தான் இருவருக்கும் கோடு. அதுவரை இருவருக்கும் வெறுந்தூண்.

பத்து நாள் ஒரு கோடும் ஏறவில்லை. புத்தகத்தை அவள் வாயும் காதும் முழுக்க விழுங்கிவிட்டிருந்தன. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கண் வேலை செய்வதற்கு முன்னால் வாய் ஓடிவிடும். பையன் குச்சியால் தரையைத் தட்டிக்கொண்டு, "எழுத்தப் பாரு புள்ள. எழுத்து அங்க நிக்குது, நீ அடுத்த பக்கத்துல நிக்கிற," என்பான். "நீ மட்டும் ரொம்பப் பாத்த. கொய்யாப்பழத்தத்தான் பாத்த," என்பாள் அவள். பக்கத்துத் தூண்களில் இருந்து சிரிப்பு வரும். நான் நகத்தைக் கடிப்பேன்.

பிறகு ஒருநாள் அந்தத் தூணடியிலிருந்து சத்தமே வரவில்லை. அவள் சத்தம் போடாமல் இருப்பது நான் காணாத அதிசயம். பின்பக்கமாகப் போய் எட்டிப் பார்த்தேன். பாடப் புத்தகத்தைக் காணவில்லை. மடியில் இருந்தது சினிமாப் பாட்டுப் புத்தகம். பையன் தகப்பனாரின் கடையிலிருந்து எடுத்து வந்திருக்கிறான். தியேட்டர் வாசலில் விற்பார்களே, மெல்லிய தாளில், முதல் பக்கத்தில் கதைச் சுருக்கமும் உள்ளே பாட்டுகளுமாக, அந்தப் புத்தகம்.

எனக்குப் பகீரென்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் மடியில் காதல் பாட்டு. தலைமை ஆசிரியர் கண்டால் என்ன ஆகும், கல்வி இன்ஸ்பெக்டர் கண்டால் என்ன ஆகும் என்று எண்ணிக்கொண்டே கையை நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றது. அவள் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டு தேத்தண்ணிக் கடை ரேடியோவில் தினமும் வருவது. அவளுக்கு மனப்பாடம். ஆனால் பாட்டில் ஒரு சொல்லைப் பாடி முடித்தால்தான் விரலை எடுக்கலாம் என்று பையன் சட்டம் போட்டிருந்தான். வாய் விரலை முந்தினால் முதலிலிருந்து.

மூன்று சரணங்கள் போயின. நான்காவது சரணத்தில் அவள் விரல் நின்றது. ராகம் நின்றது. தட்டுத் தடுமாறி, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, ஒரு வரியைப் பேச்சாகவே வாசித்தாள். பிறகு அடுத்த வரியை. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பயப்படவில்லை. ஏதோ களவைக் கண்டுபிடித்தவள் மாதிரி கோபமாக இருந்தாள்.

"சார், இது ரேடியோவுல வராததுங்க. இம்புட்ட விட்டுட்டுல்ல போடுறாங்க."

இசைத்தட்டில் நீளம் போதாமல் கடைசிச் சரணத்தை விட்டிருக்கிறார்கள். புத்தகத்தில் முழுப் பாட்டும் இருந்தது. காதில் ஒருநாளும் விழாத எட்டு வரிகளை அவள் தாளிலிருந்து எடுத்திருக்கிறாள். சொற்களை எண்ணினேன். இருபத்தொன்பது. இரண்டு இடத்தில்தான் தடுமாற்றம்.

நான் பறிக்க வந்த புத்தகத்தைத் திருப்பி அவள் மடியில் வைத்தேன். பையன் கரிக்கட்டியை எடுத்து என் முகத்தைப் பார்த்தான். தலையாட்டினேன். இரண்டு நீளக் கோடு போட்டான்.

அதற்குப் பிறகு அந்தக் கடையில் இருந்த எல்லாப் பாட்டுப் புத்தகங்களும் மடுவத்துக்கு வந்தன. பாட்டு முடிந்ததும் கதைச் சுருக்கத்தை வாசித்தார்கள். அதற்கு ராகம் கிடையாது, வாய் ஓட முடியாது. கதைக்காகக் கண் ஓடியது. மற்றத் தூண்களில் இருந்த பிள்ளைகளும் மெதுவாக இந்தப் பக்கம் நகர்ந்து வந்தார்கள். தலைமை ஆசிரியருக்குச் செய்தி போய்விட்டது. "சினிமாப் பாட்டோ?" என்று கேட்டார். ஆமென்றேன். சற்று நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "எந்தப் படம்?" என்றார்.

பொங்கலுக்கு முந்திய வாரம் தகப்பனார் துணிமணி வாங்கப் பதுளைக்குப் போனார். அப்புத்தளையில் காலை ரயிலைப் பிடித்துப் போனவர், நன்றாக இருட்டிய பிறகுதான் லயத்துக்குத் திரும்பினார். எல்ல ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மண் சரிந்து ரயில் நின்றுவிட்டதாம். மழைக்காலம், எல்லாரும் நம்பினார்கள். எனக்குக்கூட அடுத்த மாதம் சம்பளம் வாங்கப் பதுளைக்குப் போக வேண்டுமே, பாதை சரியாகிவிடுமா என்று கவலை வந்தது.

மறுநாள் சாயங்காலம், கொழுந்து நிறுக்கும் நேரத்துக்கே அவர் மடுவத்துக்கு வந்துவிட்டார். நாற்பது பெண்களாவது கூடையோடு வரிசையில் நின்றார்கள். அவர் மனைவியும் அதில் இருந்தார். நானும் பிள்ளைகளும் நிறுவை முடியட்டும் என்று ஓரத்தில் காத்திருந்தோம். மடித்த ஒரு தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, என்னைப் பார்க்காமல் மகளிடம் நீட்டினார். மஞ்சள் தாள், சினிமா நோட்டீஸ். கடை வீதியில் யாரோ கையில் கொடுத்தார்களாம். புதுப் படம். அதன் பாட்டுப் புத்தகம் எங்கள் பக்கம் இன்னும் வரவில்லை. அந்தத் தாளை அவள் கண்டிருக்க வழியே இல்லை.

"வாசி," என்றார்.

தராசு நின்றது. கணக்கப்பிள்ளை பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். கடைக்காரர் மகன் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். நான் தாயைப் பார்த்தேன். அவர் கூடைக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி மகளின் வாயைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விரல் நகர்ந்தது. ஒரு ஜமீன்தாருக்கு இரண்டு மகன்கள். ஆற்று வெள்ளம் மூத்தவனை அடித்துப் போகிறது. தாய் அழுது அழுது பார்வையை இழக்கிறாள். பல வருஷம் கழித்து ஒரு கொள்ளைக்காரன் ஊருக்குள் வருகிறான். ஜமீன் மாளிகைச் சுவரில் ஏறுகிறான். அவனுடைய முதுகில் ஒரு தழும்பு. அது யாருக்கு எதைச் சொல்கிறது? மூன்று இடத்தில் தடுமாறினாள், மூன்றையும் திருத்திக்கொண்டாள். பெண்கள் வரிசையைக் கலைத்து அவளைச் சுற்றி நெருங்கிவிட்டார்கள்.

அவள் நிறுத்தினாள்.

"மேல வாசி," என்றார் தகப்பனார்.

"அம்புட்டுதாம்பா. மீதியை வெள்ளித்திரையில் காண்கன்னு போட்டிருக்கு."

"கத பாதியில நிக்கிது. எவனாவது பாதிக் கதய அச்சடிப்பானா? ஒனக்கு அதுக்கு மேல வாசிக்கத் தெரியல. அதான் நிப்பாட்டிட்ட."

நோட்டீசில் எப்போதும் அவ்வளவுதான் போடுவார்கள் என்று சொல்லப் பார்த்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். தன் மூத்த மகன் விஷயத்திலும் பள்ளிக்கூடத்தார் இப்படித்தான் பேசினார்கள் என்றார். பேரை நாளைக்கே பதிந்துவிடுங்கள் என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு, மகள் பக்கம் திரும்பினார்.

"அந்தத் தழும்பு சின்னதுல மாடு முட்டி வந்தது. கண்ணு தெரியாத தாய்க்காரி அதத் தடவிப் பாத்துத்தான் புள்ளயக் கண்டுபுடிக்கிறா. அது எங்க? அத ஏன் நீ வாசிக்கல?"

மகள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்போது அவர் மனைவி கூடையை இறக்கித் தரையில் வைத்தார்.

"ஏங்க, அது தாள்ல இல்லையே. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் தாளுக்குக் கையை நீட்டினார்.

"எல்லயில மண்ணு சரிஞ்சுதுன்னீங்க. எங்க சரிஞ்சுது, தியேட்டருக்குள்ளயா?"

கூரைத் தகரம் அதிர்ந்தது. நாற்பது பெண்கள் ஒரே நேரத்தில் சிரித்ததை என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் கேட்டேன். கணக்கப்பிள்ளை தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை வாசித்துவிட்டு, பெண் சொன்னதற்கு மேல் இதில் ஓர் எழுத்தும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தழும்பு வரைக்கும் மகள் வாசித்தது அவர் கண்ணால் பார்த்த படம் என்பதற்கு அவரே சாட்சியாகிவிட்டார்.

"அப்ப பேரு பதியிறதா, வேணாமா?" என்று கணக்கப்பிள்ளை பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

"படிக்கட்டுங்க," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

அத்தோடு விடவில்லை. கொள்ளைக்காரன் என்ன ஆனான் என்று தெரியாமல் பெண்கள் யாரும் கொழுந்து நிறுக்க மாட்டோம் என்றார்கள். அவரை ஒரு கவிழ்த்த பெட்டியின்மேல் உட்கார வைத்து மீதிக் கதையைச் சொல்ல வைத்தார்கள். நன்றாகத்தான் சொன்னார். மனைவி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார். பொங்கலன்று மாட்டினிக் காட்சிக்கு வீட்டோடு பதுளைக்குப் போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். மகள் கடை வீதியில் இரண்டு பக்கத்துப் பெயர்ப் பலகைகளையும் ஒன்று விடாமல் வாசித்துக்கொண்டு வந்ததில் படம் ஆரம்பித்த பிறகுதான் போய்ச் சேர முடிந்ததாம்.

மடுவத்து வகுப்பு அதற்குப் பிறகும் நான் அங்கே இருந்த வரை நடந்தது. மூன்றாம் வகுப்பில் நடுவரியை வாசிக்கத் தெரிந்தவர்கள் நான்கிலிருந்து பதினான்காக ஆனார்கள். மீதி ஐந்து பேரை நினைத்து இன்றைக்கும் எனக்கு மனம் ஆறவில்லை. கொழுந்து நிறுக்க வரும் பெண்கள் சீனி சுற்றி வந்த தாள், மருந்துப் போத்தல் தாள், கோயில் நோட்டீஸ் எல்லாம் கொண்டுவந்து அந்தப் பெண்ணிடம் நீட்டினார்கள். நிறுவை தாமதமாகிறது என்று கணக்கப்பிள்ளை என்னிடம் முறையிட்டார். முறையிட்டவர் அவள் வாசித்து முடிக்கும் வரை தராசைத் தொடவும் மாட்டார்.

மறு வருஷம், நான்காம் வகுப்பில் இருக்கும்போதே, தனக்கும் ஒரு தூண் வேண்டும் என்று கேட்டாள். ஆறாவது தூணையும் நான்கு சின்னப் பிள்ளைகளையும் கொடுத்தேன். முதல் நாளே குச்சியோடு வந்து பெரட்டுப் பிடித்தாள். கொய்யாப்பழம் கொண்டுவரும் ஆளுக்கு அன்றைக்கு அரைப்பேர் என்று சட்டம் போட்டாள். ஒரு சின்னப் பெண் தெரியாமல் கொண்டுவந்துவிட்டாள். குட்டைக் கோடு விழுந்தது. பழத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.